காற்றா, கரண்டா

விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர். யாருடைய விருப்பம் என்பதைக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில், வார்ப்பு இரும்பின் பிசிறுகளைத் தேய்த்து எடுக்கும் பிரிவில் என் இளமை முழுவதும் போனது. ஐம்பதைத் தாண்டியவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வந்துவிட்டேன். ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு வீட்டுக்குள் நான் நடந்த நடையை வெளியே நடந்திருந்தால் திருப்பதிக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு அகலமில்லாத, நீளமான வீடு. முன்னறையில் மனைவியின் தறி. நடுவில் சமையல், படுக்கை, டிவி எல்லாம். பின்னால், சந்தைப் பார்த்தபடி ஒரு தகரக் கொட்டகை. வாசலுக்கும் கொட்டகைக்குமாக நான் அலையும்போதெல்லாம் அவளுடைய தறியைத் தாண்டித்தான் போகவேண்டும். அவள் தலையைத் தூக்காமலே சொல்வாள்.

"தறியில நாடா கூட இப்டி ஓடாதுங்க. ஒரு எடத்துல உக்காருங்களேன்."

உட்கார்ந்தால் கால் ஆடும். காலை நிறுத்தினால் விரல்கள் நாற்காலியின் கையைத் தட்டும். வேலை இல்லாத மனிதன் வீட்டில் ஓர் இடைஞ்சல்தான், அதிலும் நான் சத்தம் போடும் இடைஞ்சல். கடைசியில் கொட்டகையைக் காலி செய்தேன். மாகறலில் ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால் மழையிலும் வெயிலிலும் நின்றுகொண்டிருந்த பழைய ஜீப் ஒன்றை வாங்கி, டிராக்டரில் கட்டி இழுத்து வந்து உள்ளே நிறுத்தினேன். அதைப் போல்ட் போல்ட்டாகக் கழற்றி, துருவைத் தேய்த்து, திரும்பப் பூட்டி ஓட்டிக் காட்டுவது என்று திட்டம். அது ஓடினால் தெருவே வண்டியைக் கொண்டுவந்து விடும், கொட்டகை ஒரு மெக்கானிக் ஷெட் ஆகிவிடும், நானும் மறுபடி ஒரு மனிதன் ஆகிவிடுவேன். தெருவில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இரும்பு என்ன விலைக்குப் போகிறது என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். அவரோடு நான் இன்னும் பேசுவதில்லை.

துருப்பிடித்து இறுகிய போல்ட்டுகள் கை ஸ்பேனருக்கு மசியவில்லை. தட்டித் தட்டிக் கழற்றுகிற இம்பாக்ட் ரெஞ்ச் ஒன்று வேண்டும், துருவைத் தேய்க்க கிரைண்டர் ஒன்று வேண்டும். அங்கேதான் அந்தக் கேள்வி வந்து நின்றது. கம்ப்ரஸர் வாங்கிக் காற்றில் ஓடும் கருவிகளாகப் போடுவதா, கரண்டில், பேட்டரியில் ஓடுகிறவையாகப் போடுவதா?

வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு கேள்வியே இல்லை. நான் தொழிற்சாலையில் காற்றுக் கருவியோடு வாழ்ந்தவன். அதன் எடை எனக்குத் தெரியும், விசையை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு சீறும் என்று தெரியும். கம்ப்ரஸர் இடத்தை அடைக்கும், திடீர் திடீரென்று தானாக உறுமும், டாங்கியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், அது இழுக்கும் முதல் இழுப்பை எங்கள் வீட்டுக் கரண்ட் தாங்குமா என்பது சந்தேகம். ஆனால் கருவி லேசானது, கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. பேட்டரிக் கருவிக்கு டியூப் வேண்டாம், டாங்கி வேண்டாம், சந்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க்கூட வேலை பார்க்கலாம். ஆனால் கனம், பேட்டரிக்கும் ஆயுள் குறைவு. இதையெல்லாம் நான் கேட்பவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொல்லாத விஷயம் வேறு. என் விரல்கள் செத்துக்கொண்டிருந்தன.

வேலையை விடுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே ஆரம்பித்தது. மார்கழியில் விடியற்காலை ஷிப்டுக்கு வண்டியில் போய் இறங்கினால் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். கிள்ளினால் தெரியாது. வெந்நீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் எரிச்சலோடு உயிர் வரும். அப்புறம் சித்திரை வெயிலிலும் நுனிகள் மந்தமாகவே இருக்க ஆரம்பித்தன. எங்கள் பிரிவில் இன்னும் சிலருக்கு இருந்தது. "வெரலு செத்துப்போச்சுபா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு டீ குடிப்போம். அதிர்வுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. காற்றுக் கருவியை ஓட்டிவிட்டு வெளியே வருகிற காற்று சில்லென்று இருக்கும். கத்திரி வெயிலில் புதுப் பையன்கள் அதை முகத்தில் காட்டிக்கொள்வார்கள். எனக்கு அந்தக் குளிர் விரலில் பட்டதும் அன்றைய நாளுக்கு விரல்கள் போய்விடும்.

ஆகவே நான் மனதுக்குள் ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அதிர்வு இரண்டிலும் உண்டு. குளிர் காற்றில் மட்டும்தான் உண்டு. கரண்ட் கருவி ஓட ஓடச் சூடாகும், அந்தச் சூட்டில் விரல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அது கனம், கனமான கருவியை இறுக்கிப் பிடிக்கவேண்டும், இறுக்கிப் பிடித்தால் அதிர்வு கூடுதலாக ஏறும். கை போனால் கொட்டகை வெறும் கொட்டகை, நான் மறுபடி வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடக்கவேண்டியதுதான். தப்பாகத் தேர்ந்தெடுத்துவிடுவேனோ என்ற பயம் சாப்பிடும்போதும் கூடவே உட்கார்ந்திருந்தது. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டூல்ஸ் கடை வைத்திருக்கும் பாய்தான் என்னோடு அதிகம் அவதிப்பட்டவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், பொறுமைசாலி. கடை வாசலில் ஒரு பழைய சக்கரத்தைச் சட்டத்தில் பூட்டி வைத்திருப்பார். வாங்க வருகிறவர்கள் அதன் நட்டுகளைக் கழற்றிப் பூட்டிப் பார்க்கலாம். அந்தச் சக்கரத்தை என்னளவு கழற்றியவர் காஞ்சிபுரத்திலேயே கிடையாது.

"காத்துன்னா உள்ள இன்னாபா இருக்குது? ரெண்டு சொட்டு எண்ணெ வுட்டா ஓடிக்கினே இருக்கும். இத்த வாங்கிக்கினு போ" என்பார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, அந்தச் சீறலில் விரல் வெளுப்பதைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

"இல்ல பாய், அந்த பேட்டரிய காட்டுங்க."

"அரே, போன வாரம் அது கனமா இருக்குதுன்னு சொன்னியே."

"இருந்தாலும் காட்டுங்க."

வீட்டுக்கு வந்தால் கைபேசியில் வீடியோ. அதில் எவனோ ஒருவன் காற்றுதான் என்று சத்தியம் செய்வான், அடுத்தவன் காற்றின் காலம் முடிந்துவிட்டது என்பான். இரண்டு பேருக்கும் விரல்கள் நன்றாக இருந்தன.

மனைவிக்கு என் கடைப் பயணம் வேடிக்கையாகிவிட்டது. "பொண்ணு பாக்கப் போற மாதிரி வாரா வாரம் போறீங்க, டீய குடிச்சிட்டு வர்றீங்க. தட்டு மாத்தறது எப்போ?" என்றாள். பதிலுக்கு நான் கத்தினேன். அவள் தறியின் மிதியை மிதித்தாள். சண்டையில் அவளுக்குத் தறி ஒரு வசதி. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் அவளுக்கு வேலை நெருக்கியது. தறியில் இருந்த புடவைகள் முடிந்து, அடுத்த புடவைகளுக்கான நெடுக்கு நூல், பாவு, வந்து இறங்கியிருந்தது. பழைய பாவின் நூல் முனைகளைத் தறியின் அச்சிலேயே விட்டுவைத்து, புதிய பாவின் நூல்களை அவற்றோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கவேண்டும். பிணைத்தல் என்போம். முடிச்சுப் போடுவதில்லை. இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு. அவ்வளவுதான், ஆனால் ஆயிரக்கணக்கான நூல். வழக்கமாக வந்து பிணைத்துக் கொடுக்கும் அம்மாள் ஓரிக்கையில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டார்.

"நீங்கதான் சும்மா இருக்கீங்களே, ஒரு பக்கம் புடிங்க. உங்க வீட்ல நீங்கதான பிணைப்பீங்க, உங்கம்மா சொல்லுவாங்க" என்றாள்.

அது உண்மை. தொழிற்சாலைக்குப் போகும்வரை எங்கள் வீட்டில் பிணைப்பது என் வேலை. பேசிக்கொண்டே, தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே முறுக்குவேன், கண் தேவையே இல்லை. மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை, உண்மையான காரணத்தைத் தவிர. உட்கார்ந்தேன். அவள் ஒரு பாதி, நான் ஒரு பாதி.

பட்டு நூல் இரண்டு விரல்களுக்கு நடுவில் இருக்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. பார்த்தால் இருந்தது. முறுக்கினேன். முறுக்கு ஏறியதா என்று தெரியவில்லை. பார்வைக்கு ஏறிய மாதிரிதான் இருந்தது. வேகமாகச் செய்தேன், மெதுவாகச் செய்தால் அவள் கவனிப்பாள் என்று. ஆனாலும் அந்த நாள் எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லவேண்டும். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கால் ஆடவில்லை. அவள் தன் அண்ணன் வீட்டுக் கதையைச் சொன்னாள், நான் சிரித்தேன், இருட்டுவதற்குள் முடித்துவிட்டோம்.

மறுநாள் காலை அவள் பாவை மெல்ல முன்னால் இழுத்தாள். பிணைத்த இடம், நூலைத் தூக்கி இறக்கும் விழுதுகளைக் கடந்து, அச்சின் பற்களுக்குள் நுழைந்து வெளியே வரவேண்டும். அவளுடைய பாதி அப்படியே வந்தது. என்னுடைய பாதி வரவில்லை. நூல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, பின்னால் சுருண்டு தொங்கின. இழுக்க இழுக்க இன்னும் கழன்றன. அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மனசெல்லாம் அந்த காத்து மிஷின் மேலதான் இருக்குது. இத்தினி நூலு அவுந்து தொங்குதே, கையால செஞ்சீங்களா, காலால செஞ்சீங்களா?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்கறை இல்லாதவன் என்று அவள் என்னைத் திட்டுவது முப்பது வருடப் பழக்கம், அதில் எனக்கு ஒரு வலியும் இல்லை. நான் திருப்பிக் கத்தாததுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்கவேண்டும்.

"உக்காருங்க. என் எதிர்ல செய்ங்க."

உட்கார்ந்தேன். சாம்பலைத் தொட்டேன். நூலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, முறுக்கி, மறுபடி பார்த்தேன். பிணைக்கும்போது நூலைப் பார்க்கிற ஆளை அவள் தன் வாழ்நாளில் பார்த்திருக்கமாட்டாள். என் கையைப் பிடித்துத் திருப்பினாள். நுனிகள் வெளுத்துக் கிடந்தன.

"கண்ண மூடுங்க" என்றாள்.

மூடினேன்.

"வெரல்ல நூலு வெச்சிருக்கேன். தெரியுதா?"

"தெரியுது."

"எந்த வெரலு?"

"நடு வெரலு."

கண்ணைத் திறந்தேன். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூல் எதையும் அவள் எடுக்கவே இல்லை.

"எத்தினி வருசமா?"

"கொஞ்ச நாளாத்தான்."

"பொய் சொல்லாதீங்க."

நான் சொன்னேன். மார்கழி, வெந்நீர் டம்ளர், குளிர்ந்த காற்று, எதற்காகக் கடைக்குப் போய்ப் போய் வெறுங்கையோடு வந்தேன் என்பது எல்லாவற்றையும். அவள் கேட்டுக்கொண்டே கழன்ற நூல்களை நீவி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"சட்டைக்கு பட்டன் போட்டு வுடுன்னு என்னாத்துக்கு என்கிட்ட வந்து நிக்கிறீங்கன்னு இப்பதான் தெரியுது. நான் வேற என்னமோ நெனச்சிக்கினு இருந்தேன்."

அதைக் கேட்டபோது எனக்கு வந்த வெட்கம் வேறு எதிலும் வந்ததில்லை. என் பாதியையும் அவளே உட்கார்ந்து பிணைத்தாள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் விரல்களை அழுத்தினார், ஊசி முனையால் தொட்டார், என்ன வேலை, எத்தனை வருடம் என்று கேட்டார். நான் என் வழக்கை அவர் முன்னால் வைத்தேன். காற்றா, கரண்டா? எது குறைவாகக் கெடுக்கும்? அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், அதிர்கிற எதையும் இனிமேல் பிடிக்கக்கூடாது என்றார். போனது திரும்புவது கஷ்டம், மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். வெளியே வந்ததும் அந்த ஆளுக்கு ஒரு ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியுமா என்று நான் திட்டினேன். வீட்டுக்கு வந்து ஜீப்பின் டயரை உதைத்தேன். அதில் காற்று இல்லை, கால்தான் வலித்தது.

பிறகு சில நாட்கள் நான் கொட்டகைக்குள்ளேயே நடந்தேன். ஜீப்பைச் சுற்றி இடமிருந்து வலமாக, அலுத்தால் வலமிருந்து இடமாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அவள் புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"கெளம்புங்க. பாய் கடைக்கு."

"எதுக்கு?"

"மிஷினு வாங்கத்தான். நான் புடிக்கிறேன், நீங்க பக்கத்துல உக்காந்து எதை கழட்டணும்னு சொல்லுங்க. ஞாயித்துக்கெழம நான் தறி மேல உக்கார்றதில்ல இல்ல? கோர்வைக்கு ஆளு உக்கார்றதில்லையா, அந்த மாதிரிதான்."

கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்கான நாடாவைப் போட நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தே ஆகவேண்டும். அப்படித் துணைக்கு உட்கார என்னை அவள் கேட்கிறாள். உனக்கு அதெல்லாம் பிடிக்க வராது என்று எரிச்சலோடு சொன்னேன். "வராட்டி திட்டுங்க, திட்டத்தான் உங்களுக்கு நல்லா வருமே" என்று செருப்பை மாட்டினாள்.

எங்களை ஜோடியாகப் பார்த்ததும் பாய் எழுந்து நின்றுவிட்டார். முதலில் நான்தான் காட்டினேன், காட்டவேண்டும் என்று ஆசை. காற்றுக் கருவியைப் பிடித்து அந்தச் சக்கரத்தின் நட்டுகளை விறுவிறுவென்று கழற்றி, விறுவிறுவென்று பூட்டினேன். நிறுத்தியபோது விரல் நுனிகள் போயிருந்தன. இது கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டு கருவியை அவளிடம் கொடுக்கப் போனேன். அவள் பேட்டரிக் கருவியைத்தான் முதலில் கையில் வாங்கினாள். தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மிக் கல்லு மாதிரி இருக்குது" என்று வைத்துவிட்டாள். அப்புறம் காற்றுக் கருவி.

"புடிமா. நல்லா புடி. இப்ப அமுக்கு" என்றார் பாய்.

அமுக்கினாள். கருவி சீறியது, தோள் ஒரு முறை குலுங்கியது, நட்டு சுழன்று வெளியே வந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் இரண்டு மாதமாக முடிவு செய்யாததை அவள் அந்த ஒரு நட்டில் முடிவு செய்துவிட்டாள்.

"இதுதாங்க. லேசா இருக்குது. காத்து சில்லுனு கைல படறது நல்லாத்தான் இருக்குது. இதையே குடுத்துடுங்க பாய்."

நான் அவள் விரல்களைப் பார்த்தேன். அந்தக் காற்று அவற்றின் மேல்தான் போய்க்கொண்டிருந்தது. ஆயிரம் நூலில் ஒன்று அறுந்தால் பார்க்காமலே போய்த் தொடுகிற விரல்கள். வீட்டின் சோறும் விளக்கும் அவற்றில்தான் இருக்கின்றன என்பதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. அவை வெளுத்துப்போன மாதிரி ஒரு கணம் தெரிந்தது, அவ்வளவுதான். கருவியை அவள் கையிலிருந்து பிடுங்கி மேசைமேல் வைத்தேன்.

"வேணாம் பாய்."

"அப்ப கரண்டா?"

"அதுவும் வேணாம்."

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டியூபைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டார். அவள் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்ட் வரை முன்னால் நடந்தாள். அங்கே நெரிசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தபோது முகம் சிவந்திருந்தது.

"ஒரு முடிவு எடுக்கத் தெரியுதா உங்களுக்கு? நானே ஒத்துக்கினு வந்தேன். பாய் முன்னாடி என் கைலேர்ந்து புடுங்கி வெக்கிறீங்க."

"உன் கைக்கு அது ஆகாதுமா."

"வாரத்துல ஒரு நாளு. அதுவும் கொஞ்ச நேரம். அதுல இன்னா ஆயிடும்?"

"எனக்கும் மொத நாளு ஒண்ணும் ஆகல."

ஒரு பஸ் திரும்புவதற்காக இரண்டு பேரும் ஒதுங்கி நின்றோம். ஜீப் போயிற்று, கொட்டகை போயிற்று, நாளை காலையிலிருந்து மறுபடி வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடக்கவேண்டும். அழுகை வந்தது, அந்தக் கூட்டத்தில் எங்கே போய் அழுவது என்று கோபமும் வந்தது. அவள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்ட ஆரம்பித்தாள். நானும் கூடவே நடந்தேன். தெருவில் அவள் என்னைத் தொட்டு நடந்ததே இல்லை. பாதி ரோட்டில் தற்செயலாகக் குனிந்தபோதுதான், என் விரல் நுனிகளை அவள் இறுகப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தேன்.